பொழுது தள்ளியல்: கட்டைவிரலை முன்வைத்து ஓர் ஆய்வு

வேலையற்ற நேரத்தை என்ன செய்வது என்பதற்குத் தமிழில் மூன்று வினைகள் உண்டு: கழித்தல், போக்குதல், தள்ளுதல். முதலிரண்டும் ஏட்டு வழக்கு. மூன்றாவது திண்ணை வழக்கு. ‘ஏதோ பொழுதைத் தள்ளிக்கிட்டிருக்கேன்’ என்று முதன்முதலில் சொன்னவருக்குத் தொடுதிரை என்று ஒன்று வரப்போவது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆயினும் இன்றைய இளைஞர் பொழுதைச் சொன்னது சொன்னபடியே தள்ளுகிறார்: கட்டைவிரலால், கீழிருந்து மேலாக. இளைஞரின் பொழுதுபோக்கு தலைமுறைக்குத் தலைமுறை தலைகீழாகிவிட்டது என்ற கருத்தை இக்கட்டுரை மறுக்கிறது. மாறியது தள்ளப்படும் பொருள்தான். தள்ளும் உறுப்பும், அதைப் பார்த்துப் பெரியவர்கள் விடும் பெருமூச்சும் இருந்தபடியே இருக்கின்றன.

கோலியை எடுத்துக்கொள்வோம். ஒரு கையின் கட்டைவிரலைத் தரையில் ஊன்றி, நடுவிரல் நுனியில் கோலியை வைத்து, மறு கையால் அந்த விரலை வில்லாக வளைத்து விடுவது முறை. அடிப்பது நடுவிரலாயிற்றே, கட்டைவிரலுக்கு இதில் என்ன பெருமை என்று கேட்பவர் உண்டு. ஊன்றிய விரல் எழும்பிவிட்டால் எதிராளி சண்டைக்கு வருவான். சண்டை எந்த விரலைப் பற்றியதோ அதுவே தலைமை விரல். பல்லாங்குழியின் பதினான்கு குழிகளிலும் முத்தை ஒவ்வொன்றாக உதிர்ப்பது கட்டைவிரலின் நெகிழ்ச்சிதான். பாண்டி ஆட்டத்தில் கைக்கு அவ்வளவாக வேலையில்லையே என்பது வலுவான தடை. ஆனால் அங்கேதான் இவ்வாய்வின் முதன்மைச் சான்று கிடைக்கிறது. நொண்டிக்கொண்டே சில்லைக் கால் கட்டைவிரலால் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தள்ளுகிறாள் சிறுமி. கோட்டில் நின்றால் ஆட்டம் போச்சு. கட்டம் கட்டமாகத் தள்ளிப் போவது என்ற கலை காலிலிருந்து கைக்கு ஏறியிருக்கிறது. அவ்வளவே நடந்த முன்னேற்றம்.

இயந்திரங்கள் வந்த பிறகு கட்டைவிரல் கொஞ்சகாலம் சும்மா இருந்தது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது பார்ப்பதற்கு ஒரே அலைவரிசை. ரிமோட்டுக்கு வேலையில்லை, மாடியேறி ஆன்டெனாவைத் திருப்ப முழு உடம்பும் வேண்டியிருந்தது. 1993இல் சன் டிவி வந்து, பின்னாலேயே மற்றவையும் வரிசை கட்டிய பிறகுதான் கட்டைவிரல் மறுபடி பணியில் சேர்ந்தது. அதன் பொற்காலம் நோக்கியா காலம். 1997இல் நோக்கியா 6110இல் புகுந்த பாம்பு 2, 4, 6, 8 என்ற நான்கு பொத்தான்களில் ஊர்ந்தது. ‘சாப்டியா’ என்று ஆங்கில எழுத்தில் கேட்க, முதல் எழுத்தான எஸ்ஸுக்கு மட்டும் 7ஆம் பொத்தானை நான்கு முறை அமுக்க வேண்டும். பதில் வருவதற்குள் கேட்டவருக்கே பசித்துவிடும். ஏகலைவனிடம் கட்டைவிரலை அந்த ஆண்டுகளில் யாராவது கேட்டிருந்தால் தட்சிணை கிடைத்திருக்காது.

‘அந்தக் காலத்துப் பிள்ளைகள் ஓடியாடினார்கள், இந்தக் காலத்தவர் உட்கார்ந்த இடத்தை விட்டு நகருவதில்லை’ என்பது அடுத்த தடை. பல்லாங்குழியும் தாயமும் ஓடி ஆடும் ஆட்டங்களா என்று திருப்பிக் கேட்கலாம். அதைவிட, கோலி ஆடியவன் ஆடிய நாளில் பாராட்டா பெற்றான்? ‘உருப்படமாட்டே’ என்ற வாழ்த்து அவனுக்கும் கிடைத்தது. பிறகு சினிமாக் கொட்டகைக்குப் போனவனுக்கும், டிவி முன்னால் உட்கார்ந்தவனுக்கும் அதே வாழ்த்து எழுத்து மாறாமல் போய்ச் சேர்ந்தது. ஆட்டம் வழக்கொழிந்த பிறகே அதற்கு ‘பாரம்பரிய விளையாட்டு’ என்ற பட்டம் கிடைக்கிறது. ரீல்ஸுக்கும் ஒருநாள் கிடைக்கும். தள்ளப்படும் பொருள் முக்கியமில்லை என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்துவிட்டது. கட்டைவிரல் துக்கம் அனுசரிக்கக்கூட அவகாசம் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு தடைக்கு மட்டும் என்னிடம் முழு விடை இல்லை. பாண்டிக்குக் கடைசிக் கட்டம் உண்டு, பல்லாங்குழியில் முத்து தீரும், கோலி இருட்டினால் நிற்கும். திரைக்கோ தானே வெளிச்சம் இருக்கிறது, அடியும் இல்லை. தள்ளத் தள்ளத் தீராத பக்கத்தை 2006இல் வடிவமைத்த அசா ராஸ்கின், பிற்காலத்தில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். பாண்டிக்குக் கோடு கிழித்த எவரும் அப்படி வருந்தியதாகத் தெரியவில்லை. இவ்வேறுபாட்டை ஒப்புக்கொண்டு, அகராதிப் பதிப்பாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம் மட்டும் வைக்கிறேன்: அடுத்த பதிப்பில் ‘பொழுதைத் தள்ளு’ என்பதை மரபுத்தொடர் வரிசையிலிருந்து நீக்கி, நேர்ப்பொருள் கொண்ட வினையாகச் சேர்த்துவிடுங்கள்.