சிவகங்கைக் கரி யார் முகத்தில்?

2023 ஜூனில் மத்திய அரசுக்கு விழிப்பு வந்தது. நாட்டுக்கு முக்கியமான கனிமங்கள் என்று 30 பெயர்களைப் பட்டியல் போட்டார்கள். லித்தியம் இருந்தது. செம்பு இருந்தது. கிராபைட்டும் இருந்தது. சிவகங்கைக்காரர்களுக்குச் சிரிப்பு வந்தது. புதுப்பட்டி வட்டாரத்தில் சுமார் 600 ஏக்கரில் 30 லட்சம் டன் தாது கிடக்கிறது என்று தமிழக அரசின் கனிம நிறுவனமான டாமினே கணக்குச் சொல்லி எத்தனையோ தேர்தல் போய்விட்டது.

கல்லைத் தொட்டால் விரலில் வழவழவென்று கறுப்பு ஒட்டும். வெயிலில் திருப்பினால் வெள்ளி மாதிரி மினுங்கும். பழைய வண்டலில் கிடந்த கரியை வேகவைத்து, நசுக்கி, செதிளாக்கிப் பாறைக்குள் வைக்கும் வேலையை பூமி 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே முடித்துவிட்டது. டெண்டர் இல்லை. அடிக்கல் இல்லை. தாதில் சராசரி 14 சதவீதம் கரி. ஆலையில் அரைத்து, நுரையில் மிதக்கவிட்டு வழித்தால் 96. நல்ல காரியம்தான். ஆனால் மின்வாகன பேட்டரிக்கு 99.95 வேண்டும். செதிளை உருட்ட வேண்டும். பிறகு செம்புத் தகட்டில் பூச வேண்டும். காசு கொட்டுவது இந்தக் கடைசிப் படிகளில். அங்கே வந்ததும் நமக்கு மூட்டுவலி.

ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. இதே மாவட்டத்தில்தான் காரைக்குடி. அங்கே மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் திறந்தே விட்டார்கள். கொடுத்தவர் கணக்குக் கேட்பார் என்ற பயம் போலும். பேட்டரியைக் கரைத்துக் குடித்த விஞ்ஞானிகள் அங்கே, பேட்டரிக்கான கரி இங்கே. நடுவில் ஒரு பஸ் டிக்கெட் தூரம். சிக்ரி லித்தியம் அயான் செல் செய்து காட்டக் கூடம் அமைத்தது எங்கே? சென்னை தரமணியில்!

2023 டிசம்பரில் சீனா, அனுமதி வாங்காமல் கிராபைட் வெளியே போகாது என்றது. உலகம் பதறியது. சிவகங்கை பதறவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் 'கிராபைட் உபதொழிற்சாலை' என்று மைக்கில் கேட்டு மரத்துப்போன காது அது. ஜெயித்தவர் மறப்பார். தோற்றவர் அடுத்த முறை அதையே அச்சடிப்பார். பர்மாத் தேக்கையும் இத்தாலிப் பளிங்கையும் கப்பலில் இறக்கி வீடு கட்டிய சீமைக்கு, காலடியில் கிடப்பதை வைத்து ஒரு பட்டறை கட்டித்தர ஆளில்லை.

அடுத்த முறை வேட்பாளர் மின்சார ஸ்கூட்டரில் வருவார். பசுமைப் பிரசாரமாம். பேட்டரிக்குள் சீனக் கரி இருக்கும். மாலையோடு நாம் இருப்போம்.