கோணமூக்கிக்குக் குழிச்சட்டி

என் வீட்டுக் கோழி 'கத்திரி'யைப் பற்றிப் போன மாதம் ஒரு வரி எழுதினேன். கத்திரி வெயிலில் பொரித்தவள். மூக்கும் கத்திரிக்கோல் மாதிரி குறுக்கும் நெடுக்கும். அதிலிருந்து அரசியல் கேள்விகள் எல்லாம் ஓரம் போய்விட்டன. இந்த வாரம் முழுக்கக் கோழித் தபால்தான்.

தாராபுரம் வாசகி: பொரித்தபோது நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் வாரம் மேல்மூக்கு கிழக்கே, கீழ்மூக்கு மேற்கே. கண்ணு பட்டிருக்குமோ?

அப்படிக் கண்ணு படும் அழகு என்றால் ஒரு போட்டோ அனுப்புங்கள். பெரும்பாலும் இது பிறவிக் கோளாறு. குஞ்சு வளர வளரத்தான் வெளியே தெரியும். தாய்க்கோழிக்குச் சத்துக் குறைவு, இன்குபேட்டரில் சூடு முன்பின் ஆவது, குஞ்சுப் பருவத்தில் பட்ட அடி என்று வேறு காரணங்களும் உண்டு. சுவிட்சர்லாந்தில் அப்பென்செல்லர் பார்ட்ஹூன் என்ற நாட்டுரகத்தில் இது அடிக்கடி வருகிறதென்று ஆராய்ச்சியே நடத்தினார்கள். அங்கே யாரும் பூசணிக்காய் உடைத்ததாகத் தகவல் இல்லை.

பல்லடம் வாசகர்: தினமும் பிடித்து அழுத்திவிட்டால் நேராகுமா?

ஆகாது. கோணல் எலும்பில் இருக்கிறது. உங்கள் விரலுக்குத்தான் கொத்து விழும்.

திருச்சி வாசகி: மேல்மூக்கு நீண்டுகொண்டே போகிறது. வெட்டலாமா?

நுனியை மட்டும். மூக்கின் மேலோடு நம் நகம் மாதிரி, வளர்ந்துகொண்டே இருக்கும். மற்ற கோழிகளுக்கு மண்ணிலும் கல்லிலும் உரசித் தேய்ந்துவிடுகிறது. கோணமூக்கிக்கு உரச வழியில்லை. ராத்திரி மயங்கிக் கிடக்கும்போது துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிர் மூக்கானால் பின்னால் டார்ச் அடித்தால், ரத்தம் எதுவரை ஓடுகிறது என்று சிவப்பாகத் தெரியும். அதைத் தொடாமல், முன்னால் உள்ளதை நகவெட்டியால் துளித்துளியாக எடுங்கள். கருமூக்கானால் வெட்டாதீர்கள், நகம் தேய்க்கும் அரத்தால் தேயுங்கள். ரத்தம் வந்தால் சோளமாவை வைத்து அழுத்துங்கள். இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி வளர்ந்து நிற்கும். முடிதிருத்தும் செலவு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல் வாசகர்: எங்கள் லேயர் பண்ணையில் குஞ்சுக்கு மூக்கு வெட்டுகிறோம். நீங்கள் மூக்குக்கு வைத்தியமா?

ஒன்றையொன்று கொத்தக்கூடாதென்று நீங்கள் வெட்டுகிறீர்கள். கொத்தவே முடியாதவளுக்கு நான் சாப்பாடு போடுகிறேன். வெட்டுகிற கை பிசகினாலும் மூக்கு கோணும். அப்படிக் கோணியவற்றை என் விலாசத்துக்கு அனுப்பிவிடாதீர்கள்.

மதுரை வாசகி: கம்பு இறைத்தால் கொத்துகிறது, ஒன்றும் வாய்க்குள் போகவில்லை. எப்படித்தான் தின்ன வைப்பது?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கொத்துவது என்றால் இடுக்கியால் பொறுக்குவது. உங்கள் கோழியிடம் இடுக்கி இல்லை, ஒரு கரண்டி இருக்கிறது: கீழ்மூக்கு. கரண்டிக்கு வேண்டியது ஆழம். தட்டையும் தரையையும் மறந்துவிட்டு, நான்கு விரல்கடை ஆழமுள்ள மண்சட்டி வாங்குங்கள். அரைத்த கோழித் தீவனத்தைத் தண்ணீர் விட்டு, இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்து நிரப்புங்கள். சட்டியைச் செங்கல் மேல், கோழியின் முதுகு உயரத்துக்கு வையுங்கள்.

கத்திரி சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பாள், கண்வரை சட்டிக்குள் முக்குவாள், அள்ளுவாள், அண்ணாந்து இரண்டு குலுக்குக் குலுக்குவாள். பாதி தொண்டைக்குள், மீதி என் வேட்டியில். மற்றவை ஐந்து நிமிடத்தில் முடிப்பதற்கு இவளுக்கு அரைமணி நேரம். அந்த அரைமணியில் கூடப்பிறந்ததுகள் சட்டியைக் காலி செய்துவிடும் என்பதால், சட்டியோடு சேர்த்து இவளைப் பஞ்சாரத்தால் மூடிவிடுகிறேன். காலை, மாலை இரண்டு வேளையும். மிச்சத்தை வைக்காதீர்கள், நம் ஊர் வெயிலில் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். தண்ணீரும் ஆழமான குவளையில். சாயங்காலம் ஈரத்துணியால் மூக்கைத் துடைத்துவிடுங்கள். வாய் ஓரத்தில் காய்ந்த மாவு கல் மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

திண்டுக்கல் வாசகர்: கிளிமூக்குச் சேவலுக்கு லட்ச ரூபாய் சொல்கிறார்கள். என் கோணமூக்கனுக்கு என்ன கிடைக்கும்?

கிளிமூக்கு கீழ்நோக்கி வளைகிறது, உம்முடையது பக்கவாட்டில். திசை மாறியதில் லட்சம் போச்சு.

ஊட்டி வாசகி: இயல்பிலேயே இப்படிக் கோணிய மூக்கு உள்ள பறவை உண்டா?

உண்டு. இமயமலைப் பக்கமும் ஐரோப்பாவிலும் ஒரு குருவி இருக்கிறது. ஊசியிலை மரக் காய்களின் செதிலை நெம்பி விதை எடுக்க, மூக்கு நுனி குறுக்காகவே அமைந்தது. அதற்கு நேர்மூக்கு இருந்தால்தான் பட்டினி.

ஈரோடு வாசகர்: இறகுக்குள் ஒரே செல்லு. மருந்து அடித்தும் திரும்ப வருகிறதே?

கோழி தன் மூக்கால்தான் இறகைக் கோதி, செல்லைப் பொறுக்கும். இதற்கு அந்த வசதி இல்லை. சாம்பலும் மணலும் கலந்து ஒரு குழி போட்டுக் கொடுங்கள், புரளட்டும். வாரம் ஒருமுறை வால் அடியில் விலக்கிப் பாருங்கள். நிறைய இருந்தால் கால்நடை மருத்துவரிடம் கேட்டே மருந்து போடுங்கள். தோட்டத்து மருந்து வேண்டாம்.

கும்பகோணம் வாசகி: முட்டை வைக்குமா? அடை வைக்கலாமா?

வைக்கும். ஆம்லெட்டில் கோணல் தெரியாது. ஆனால் அடைக்கு வைக்காதீர்கள். குறை குஞ்சுக்கும் இறங்கலாம். சேவலானாலும் அதே சட்டம்.

விருதுநகர் வாசகி: "இதற்கு இவ்வளவு பாடா? குழம்பு வை" என்கிறார் மாமியார்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம், ஒரு தராசு வாங்குங்கள். வாரம் ஒருமுறை நிறுங்கள். பொழுது சாயும்போது தீனிப்பையைத் தடவுங்கள். உருண்டையாக நிறைந்திருந்தால் கவலையில்லை. நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்தி, எடையும் வாராவாரம் இறங்கினால், மருத்துவரிடம் காட்டி வேறு முடிவு எடுப்பதே இரக்கம். அதுவரை குழம்புக்குக் கத்தரிக்காய் இருக்கிறது.

கத்திரியை இந்த ஞாயிறும் நிறுத்தேன். 1 கிலோ 300 கிராம். ஒரே அடையில் பொரித்த அக்காள் 1 கிலோ 550.