கட்டிக்கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு? – ஓர் அளவாய்வு

கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்று கேட்டுவைத்த நம் முன்னோர், விடை சொல்லாமலே போய்விட்டார்கள். பழமொழி தொகுத்தவர்களும் இதைக் கேள்வியாகக் கருதாமல் பெருமூச்சாகவே கொண்டுவிட்டனர். முதற்பாதிக்கேனும் விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கம். சோதனைக்களம், அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதை. ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடியும் இது, ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். முழுதும் நடக்க ஐந்தாறு மாதம் பிடிக்கும். அத்தனை மாதத்துச் சோற்றையும் எந்தத் தாயாலும் கட்டிக்கொடுக்க முடியாது என்பதால், பெருமூச்சு இங்கே கணக்காகிவிடுகிறது.

நாள் முழுக்க மலையேறுபவருக்கு, உலர்ந்த உணவாகவே முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை வேண்டும். ஐந்து நாளைக்கென்றால் தோள் முணுமுணுக்கும், ஆனால் தாங்கும். அதற்கு மேல் போனால் சுமை கூடி நடை தளரும். நடை தளர்ந்தால் நாள் கூடும். நாள் கூடினால் சோறு கூடும். சோறு கூடினால் மறுபடி சுமை. வட்டி கட்டக் கடன் வாங்கும் குடும்பத்தின் கதைதான். எனவே விடை, ஐந்து. கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தில் 4தானே, நிலக்கடலை வெண்ணெய்க்கு மாறினால் என்ன என்பர். மாறத்தான் செய்கிறார்கள்; கிடைப்பது ஒன்றிரண்டு நாள். மெய்னில் மான்சன் ஊரைத் தாண்டியதும் வரும் 160 கிலோமீட்டர் காட்டின் வாசலில், பத்து நாள் உணவின்றி நுழையாதீர் என்று பலகையே இருக்கிறதே என்பது அடுத்த வாதம். அந்தப் பலகை என் கட்சி. எல்லோரும் தாமாகச் செய்யும் காரியத்துக்கு யாரும் பலகை நடுவதில்லை.

வலுவான மறுப்பு தபாலிலிருந்து வருகிறது. வீட்டிலேயே பெட்டி பெட்டியாகக் கட்டி, வழியிலுள்ள தபால் நிலையங்களுக்குத் தன் பெயருக்கே அனுப்பிவிடலாம். பொதுவாக 30 நாள் வரை வைத்திருப்பார்கள். சனிக்கிழமை மாலை ஊர் சேர்ந்தவர், திங்கள்வரை பூட்டிய கதவுக்கு எதிரே விடுதி வாடகை கட்டுவது நிர்வாகச் சிக்கல், அதை விடுவோம். அடிப்படைப் பிழை வேறு. பெட்டியைக் கட்டியவரும் பிரிப்பவரும் ஒரே ஆள் அல்லர். பிப்ரவரியில் சமையலறையில் உட்கார்ந்து பொட்டலம் பொட்டலமாக ஓட்ஸ் கட்டியவருக்கு அது பிடித்திருந்தது. ஜூலையில் பிரிப்பவருக்கு வாசனையே ஆகாது. தபால் ஊழியர் அடையாள அட்டையைத்தான் சரிபார்க்கிறார், நாக்கை அல்ல. தொல்லியல் சான்றும் உண்டு: வழியோர விடுதிகளில், வேண்டாததைப் போட்டுவிட்டுப் போக ஒரு பொதுப்பெட்டி இருக்கும். தோண்டினால் அடுக்கடுக்காக ஓட்ஸ். சாக்லேட் கிடைப்பது அரிது. அதே ஆள் பாதிவழியில், பென்சில்வேனியாவின் பைன் குரோவ் ஃபர்னஸ் பூங்காக் கடையில், அரை கேலன் ஐஸ்கிரீமை ஒரே மூச்சில் தின்று தீர்ப்பது அந்தப் பாதையின் மரபு. யாரும் கட்டிக்கொடுக்காத சோற்றுக்குத்தான் அந்தப் பசி.

எஞ்சுவது எம்மா கேட்வுட் அம்மையார். பதினொரு பிள்ளை பெற்ற அவர், 1955-ல் 67 வயதில், கூடாரம்கூட இல்லாமல் ஒரு துணிப்பையோடு இப்பாதை முழுதும் தனியே நடந்தார்; காட்டுப் பழம் பறித்தும், முன்பின் தெரியாதவர் வீட்டில் உண்டும் சமாளித்தார். அவர் கதை என் கணக்கைக் கவிழ்க்கிறதே என்பார்கள். நடந்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியவர் அவர். கட்டிக்கொடுக்க யாருக்கும் வாய்ப்பே தராததால், அவரை இந்த ஆய்வில் சேர்க்க விதிமுறை இடம் தரவில்லை.