கடல் தாண்ட யார் அனுமதி வேண்டும்?

கேள்வி: கணவர் காலமாகி ஏழு மாதம் ஆகிறது. இருவரும் போவதாகப் பேசி வைத்திருந்த நீண்ட கப்பல் சுற்றுலாவுக்குத் தனியாகப் போக ஆசை. ‘வருஷம் திரும்பட்டும்’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். போகலாமா?
– வாசகி ஒருவர், சுசீந்திரம்

பதில்: தாராளமாகப் போங்கள் அம்மா. உங்கள் ஊர்க் கோயிலில் ஓங்கி உயர்ந்து நிற்கும் ஆஞ்சநேயர் கடல் தாண்டியதும் தனியாகத்தானே! முதலாண்டுத் திதியை இருந்து செய்ய உங்கள் மனமே விரும்பினால் மட்டும் அது முடிந்து கிளம்புங்கள். ஊர்வாய்க்காகக் காத்திருக்க வேண்டாம்.

கப்பல் அறைக்கு இருவர் கணக்கில்தான் கட்டணம். தனியாகப் போனால் சில சமயம் இரண்டு பேர் காசையும் கட்டவேண்டி வரும். துணையை இழந்தவரிடம் அபராதம் வாங்குவது எனக்குப் பொறுக்கவே இல்லை. 2010-இல் வந்த ‘நார்வீஜியன் எபிக்’ கப்பலில் தனியாளுக்கென்றே 128 அறைகள் கட்டினார்கள். மற்றவர்களும் கட்டட்டும்.

நடுக்கடலில் ஓடிபி வருமென்று நம்ப முடியாது. பென்ஷன், வங்கி வேலைகளைக் கரையிலேயே முடித்துவிடுங்கள். 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்கு ‘எம்பிரஸ்’ சுற்றுலாக் கப்பல் கிளம்பியதே, அதுபோல் சில நாள் பயணம் ஒன்றை முதலில் போய்ப் பாருங்கள். அழுகை வந்தால் கப்பலிலும் அழலாம். பயணக் காப்பீடு எடுக்க மட்டும் மறந்துவிடாதீர்கள்.