முட்டுக்கட்டைக் கேள்விகள்

மென்பொருள் சோதனையாளர் "இது வேலை செய்கிறதா?" என்று கேட்டால் எல்லோருக்கும் பிடிக்கும். "என் கணினியில் ஓடுகிறதே" என்ற விடை தயாராக இருப்பதால் கூட்டமும் சீக்கிரம் கலையும். "இந்த எண் எவ்வளவு பெரிதாகலாம், பெரிதானால் என்ன ஆகும்?" என்று கேட்பவருக்கோ முட்டுக்கட்டை என்று பெயர்.

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏரியன் 5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. அதன் திசையறி கருவிக்கான மென்பொருள் ஏரியன் 4-இலிருந்து வந்தது. அங்கே ஓடியது, ஆகவே இங்கும் ஓடும். புதிய ராக்கெட்டின் கிடைத்திசை வேகம் மிக அதிகம் என்பதை மென்பொருளிடம் யாரும் சொல்லவில்லை. அந்த வேகத்தையொட்டிய 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள், அதாவது 32,767-க்குள், திணிக்கப் பார்த்து அது கைவிரித்தது. மாற்றுக் கருவி இல்லாமலில்லை. அதிலும் அதே மென்பொருள்தான். அசலை முந்திக்கொண்டு அது முதலில் படுத்தது. ஏறத்தாழ 40 நொடியில் ராக்கெட் சிதறியது.

பிழை நேர்ந்த பகுதிக்கு, ராக்கெட் தரையை விட்ட பிறகு செய்ய வேலையே இல்லை என்பது இதில் தனிச் சிறப்பு. "அப்படியானால் அது ஏன் இன்னும் ஓடுகிறது?" என்பது சம்பளம் வாங்காதவர்கூடக் கேட்கக்கூடிய கேள்வி. ஏரியன் 5-இன் பாதை விவரங்களைக் கொடுத்து அந்தக் கருவி சோதிக்கப்படவில்லை என்று விசாரணைக் குழு கண்டறிந்தது. குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ழாக்-லூயி லியோன்ஸ் என்னும் புகழ்பெற்ற கணிதவியலாளர். எண் எவ்வளவு பெரிது என்று கேட்க அவர் தேவைப்பட்டார்.