சிக்னலுக்குக் காது உண்டா?

சிவப்பு விளக்கு எரியும்போதே பின்னாலிருந்து விடாமல் ஹாரன் அடிக்கிறார்களே, சிக்னலுக்கென்ன காது இருக்கிறதா?

மும்பையில் இருந்தது! அந்நகரப் போக்குவரத்துப் போலீசார் ஒருமுறை சில சிக்னல்களில் ஒலி அளக்கும் கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள். இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கின் நேரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். அடிக்க அடிக்க, நிற்க நிற்க!

நிதானமாக ஓட்டினால் ஷேர் ஆட்டோகூட முந்திக்கொண்டு போகிறது. மானம் போகிறதே, சார்?

போகட்டும். போனால் திரும்பி வருவது மானம்தான், உயிர் இல்லை. 10 கிலோமீட்டரை மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் கடக்க 15 நிமிடம்; 60-இல் 10 நிமிடம். மிச்சம் ஐந்தே நிமிடம். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரமோ நான்கு மடங்கு. இடைவெளி விட்டே ஓட்டுங்கள்.