கருடனுக்குக் கன்னம், பராந்துக்குக் கல்

எங்கள் அப்பாயியின் கணக்கில் வானத்தில் பறக்கும் பெரிய பறவைகள் இரண்டே இரண்டுதான். பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று, பார்த்ததும் கல்லை எடுக்க வேண்டியது இன்னொன்று. முன்னது கருடன், பின்னது பராந்து. கும்பகோணத்துக்குக் கிழக்கே அரசலாற்றங்கரையில் இருந்த எங்கள் ஊரில், 1974-இல், இதற்கு மேல் பறவைகள் யாருக்கும் தேவைப்படவும் இல்லை.

அடையாளம் கண்டுபிடிப்பதும் சுலபம். நெஞ்சு வெள்ளை, முதுகு செங்காவி என்றால் கருடன். நாற்று முடியைக் கீழே வைத்துவிட்டு, "கிருஷ்ணா, கிருஷ்ணா" என்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொள்வாள். முழுக்கப் பழுப்பு என்றால் பராந்து. தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு அவள் முற்றத்துக்கு ஓட, நாங்கள் உண்டிவில்லோடு பின்னால் ஓடுவோம். ஒரு வருஷம், பறவை குழம்பிப் போகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கோழிக்குஞ்சுகளின் முதுகில் ரோஸ் சாயம் தடவிவிட்டாள். பராந்து ரோஸ் குஞ்சையும் தூக்கிக்கொண்டு போயிற்று. தூரத்திலிருந்து பார்க்க அதற்கு இன்னும் வசதியாக இருந்திருக்கும்.

கருடனும் குஞ்சு தூக்கும். நானே பார்த்தேன். "சாமி எடுத்துக்கிட்டுது, போகட்டும்" என்றாள் அப்பாயி. கோழிக்கு அந்த பக்தி கிடையாது. வெள்ளை நெஞ்சு வந்தாலும் பழுப்பு நெஞ்சு வந்தாலும் அதே கத்தல்தான். "சனியனே, கருடனப் பாத்து ஏன் கத்துற?" என்று அதற்குத்தான் திட்டு விழும்.

மாடு செத்தால் களத்துமேட்டுக்கு மேலே கழுகுகள் வட்டம் போட்ட காலம் அது. ஆறடிக்கு மேல் சிறகு விரிக்கிற கழுகைக் கோழி தலை சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும், பிறகு குப்பையைக் கிளறப் போய்விடும். ஆனால் புறா அளவே உள்ள வல்லூறு, வேலியோரமாகத் தாழ்வாக, சிறகை நாலு தட்டுத் தட்டி ஒரு வழுக்கு வழுக்கி வந்தால், கோழியின் தொண்டையிலிருந்து வேறு ஒரு சத்தம் கிளம்பும். குஞ்சுகள் நின்ற இடத்திலேயே தரையோடு ஒட்டிக்கொள்ளும். சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் 1941-இலேயே வந்துவிட்டது. எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை. கோழிக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை.

அது அலட்சியம் செய்த கழுகுகளைப் பார்க்க இப்போது மோயாற்றுப் பள்ளத்தாக்கு வரை போக வேண்டியிருக்கிறது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைத் தின்றது. 2006-இல் அந்த மருந்தை மாட்டுக்குப் போடத் தடை வந்தது. அந்தச் சேதியைக் கேட்டுச் சந்தோஷப்பட எங்கள் களத்துமேட்டில் கழுகு எதுவும் மிச்சமில்லை.

நான் இப்போது சென்னையில் இருக்கிறேன். கழுத்தில் பைனாகுலர், தோளில் 600 மில்லிமீட்டர் லென்ஸ், சட்டைப்பையில் பறவைக்குப் பெயர் சொல்லும் இரண்டு செயலிகள். முதுகு வலி தனி. என் பறவைக் கையேட்டில் கொக்கு, மீன்கொத்திப் பக்கங்கள் எல்லாம் புதுக்கருக்கு அழியாமல் இருக்கின்றன. பருந்துப் பக்கங்களில் மட்டும் தையல் விட்டுவிட்டது. ஒரே இனத்தில் ஆண் ஒரு மாதிரி, பெண் ஒரு மாதிரி, இளசு வேறு மாதிரி. வல்லூறில் ஆணுக்குக் கண் சிவப்பு, உருவத்தில் பெரியவள் பெண். தேன்பருந்து இன்னும் மோசம். ஒன்றைப் போல இன்னொன்று இருக்கக் கூடாது என்று சபதம் எடுத்த குடும்பம் அது. கரும்பருந்துக்கு வால் பிளவுபட்டிருக்கும் என்று படித்துக்கொண்டு போனால், திரும்பும்போது அது வாலை விசிறியாக விரித்துவிடும். பிளவு மறைந்துபோகும்.

செங்கல்பட்டைத் தாண்டி ஒரு மாந்தோப்பில் நாற்பது படம் எடுத்தேன். சாம்பல் முதுகு, வரி போட்ட வால், சுற்றிலும் சின்னக் குருவிகளின் கூச்சல். 'வல்லூறு' என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கல்லூரி படிக்கிற பெண் ஒருத்தி ஐந்தாவது நிமிஷம் பதில் போட்டாள்: "அங்கிள், விரலைப் பாருங்க. முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு. வல்லூறுக்கு முன்னால மூணு இருக்கும். இது அக்காக்குயில்." அலகிலும் கொக்கி இல்லை. வல்லூறு வேஷம் போட்டுத் தவிட்டுக்குருவிகளை மிரட்டிவிட்டு அவற்றின் கூட்டில் முட்டையிடுகிற பறவை அது. குருவிகள் ஏமாந்தது போதாதென்று நானும் சேர்ந்துகொண்டேன். 'அங்கிள்' என்றதுதான் அதைவிட வலித்தது.

போகட்டும், வல்லூறின் பேரினப் பெயரையாவது நெட்டுருப் போட்டு வைத்திருந்தேன்: ஆக்ஸிபிட்டர். 2024-இல் அதையும் டாக்கிஸ்பைசா என்று மாற்றிவிட்டார்கள்.

குழுவில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், முப்பது வருஷமாகப் பருந்துகளையே பார்த்துக்கொண்டிருப்பவர். அவரிடம் புலம்பினேன். "நிறத்தை விடுங்க சார். நெறம் ஏமாத்தும். எப்படிப் பறக்குது, எத்தனை தட்டுத் தட்டுது, வாலை எப்படி வச்சிருக்கு, அதப் பாருங்க" என்றார். எங்கள் கோழியை அவருக்கு அறிமுகப்படுத்தியிருக்கலாம்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மின்கம்பியில் பழுப்பாக ஒரு பறவை. அப்பாயி இருந்திருந்தால் டப்பாவைத் தேடியிருப்பாள். நான் படம் எடுத்து, 'கரும்பருந்து' என்று இ-பேர்ட் இணையதளத்தில் பதிந்துவிட்டேன். இரண்டு நாளில் அங்கே பதிவுகளைச் சரிபார்ப்பவரிடமிருந்து பணிவான கடிதம் வந்தது: 'வாலின் நுனி வட்டமாக இருக்கிறது. செம்பருந்தின் இளம்பறவையாக இருக்கலாம். ஒருமுறை பார்க்க முடியுமா?'

பார்த்தேன், பெரிதாக்கியும் பார்த்தேன். வட்டம்தான். செம்பருந்து என்பதுதான் கருடன். வெள்ளை நெஞ்சும் செங்காவி முதுகும் வருவதற்கு முன்னால், இரண்டு மூன்று வருஷம் வரை, கருடனும் பழுப்புத்தான்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. தென்னை மட்டையில் உட்கார்ந்திருந்த பழுப்புப் பறவை ஒன்றின் மேல் என் உண்டிவில் கல் பட்டிருக்கிறது. இறகு பறந்தது, பறவை தப்பிவிட்டது. அப்பாயி எனக்கு அவித்த முட்டை கொடுத்தாள். அதன் வாலை அப்போது யார் பார்த்தார்கள்? அதே பறவை இரண்டு வருஷம் கழித்து வயலுக்கு மேலே வந்திருந்தால், நாற்று முடியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டிருப்பாள்.

மறுநாள் காலை சித்தி வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். தெருவிலேயே மிச்சமிருந்த ஒற்றை நாட்டுக்கோழி திடீரென்று அந்தப் பழைய சத்தத்தைக் கொடுத்தது. கொல்லைப் பக்கமிருந்து பழுப்பாக ஒன்று தாழ்வாக வந்தது. சித்தி, "ஏய், பராந்து! கல்லெடுப்பா!" என்று கத்தினாள். நான் லென்ஸைத் தூக்கினேன். கோழி அதற்குள் குஞ்சுகளைப் படப்புக்கடியில் சேர்த்திருந்தது. பறவை வெறுங்காலோடு மேலே எழுந்து, வெயிலில் திரும்பி, வாலை விரித்தது. வட்டம்.

சித்தி பார்க்காத நேரமாகப் பார்த்து ஒரு கன்னத்தில் மட்டும் போட்டுக்கொண்டேன்.